விரதம் என்றால் ஏழு

3 பிப்ரவரி 2025, திங்கள். இரவு 10.40

வீடுகள் 412. கேள்விகள் 8. வந்திருக்க வேண்டிய பதில்கள் 3,296. வந்தவை 3,259. குறைவது 37.

முப்பத்தேழும் ஐந்தாம் கேள்வியில். "சென்ற மாதம் வீட்டில் யாராவது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார்களா?" இதற்கு ஆறு குறியீடுகள் உண்டு: 1 ஆமாம், 2 இல்லை, 3 தெரியாது, 4 பதில் சொல்லவில்லை, 5 ஆள் இல்லை, 6 வீடு பூட்டியிருந்தது. பேராச்சி இந்த ஆறையும் விட்டுவிட்டு, குறிப்பு எழுதும் கட்டத்தில் 'விரதம்' என்று தட்டி வைத்திருக்கிறாள். முப்பத்தேழு தடவை.

பேராச்சி எங்கள் கள ஊழியர். தாராவியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும் டேப்லெட்டில் பதில் ஏற்றுவதும் அவள் வேலை. திருநெல்வேலிக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். சந்து சந்தாக எல்லோரையும் தெரியும். அதுதான் தொல்லை. எல்லோருடைய கதையையும் எழுதுகிறாள். எனக்குக் கதை வேண்டாம், எண் போதும் என்று இன்று கத்திவிட்டேன். சரி சார் என்றாள். கையிலிருந்த வடாபாவைத் தின்றுகொண்டே.

நீங்கள் விரதம் இருப்பதில்லையா என்று கேட்டேன்.

"எனக்கும் சாமிக்கும் ஒத்துவராது சார். பசிச்சா திம்பேன்."

எனக்கும் அதேதான். சாயங்காலம் புதுக் குறியீடு சேர்த்தேன். 7: மதம் சார்ந்த நோன்பு. பசி மதிப்பெண் பூஜ்யம். பத்து நிமிட வேலை.

4 பிப்ரவரி, செவ்வாய்

செம்பூர் அலுவலகம். பத்மஜா மேடம் குறியீடு 7-ஐ ஒப்புக்கொண்டார். திட்டத் தலைவர் அவர்தான். "பசிங்கறது தானா வரது. விரதம் நாமளா எடுத்துக்கறது. ரெண்டையும் கலந்தா ஆராய்ச்சியே நாறிடும்." சரியாகத்தான் சொன்னார்.

8 பிப்ரவரி, சனி

மாட்டுங்காவில், வீட்டில். இன்று ஏகாதசி. அம்மா விரதம். அதாவது சாதம் கிடையாது. சாதத்துக்குப் பதில் ஜவ்வரிசிக் கிச்சடி, வேர்க்கடலை, வாழைப்பழம், பால், ராத்திரிக்குப் பலகாரம். எங்கள் வீட்டில் விரதம் என்றால் அடுப்பில் இரண்டு பாத்திரம் கூட ஏறும். ரெண்டு ஸ்பூனாவது போட்டுண்டு போயேன்டா என்று அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். நான் மூன்று தட்டு தின்றேன்.

மூன்றாம் தட்டில் ஒரு யோசனை வந்தது. என் பொட்டலத்தில் ஜவ்வரிசி சேர்த்தால் கூழ் சீக்கிரம் கெட்டிப்படும். ஆனால் புரதம் குறையும். வேண்டாம்.

பொட்டலத்தைப் பற்றி இங்கே ஒருமுறை எழுதி வைக்கிறேன், மறந்துபோகாமல். நொய்யரிசி, கேழ்வரகு, எண்ணெய் எடுத்த கடலைப் பிண்ணாக்கு மாவு. நூறு கிராம், 380 கலோரி, பதினோரு மாதம் கெடாது, வெந்நீர் ஊற்றினால் போதும். மூன்று வருடம் நான் போட்ட உழைப்பு. மூன்று நாடுகளில் மூன்று நகரங்களில் சோதனை நடக்கிறது, அதில் மும்பை ஒன்று. ஒரு வீட்டுக்கு வாரம் 28 பொட்டலம். மாதக் கடைசியில் எட்டுக் கேள்வி. இரண்டு மாதம் தொடர்ந்து மதிப்பெண் தாழ்வாக இருந்தால் அந்த வீட்டில் பசி தீர்ந்தது என்று கணக்கு, பொட்டலம் நிறுத்தப்படும். இந்த நிலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று எல்லோரும் முழித்தபோது நான்தான் வைத்தேன்: கரையேறிய வீடு.

பணம் தருபவர்களுக்கு ஒரே ஒரு எண் வேண்டும். ஒரு வீட்டைக் கரையேற்ற எத்தனை பொட்டலம்? 250-க்குள் வந்தால் அடுத்த கட்டம், பத்தாயிரம் வீடுகள். தாண்டினால் கடையை மூட வேண்டும்.

28 பிப்ரவரி, வெள்ளி

பேராச்சி மெதுவாக வேலை செய்கிறாள் என்று நானே கூடப் போனேன். ஒரு வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் எடுக்கிறாள். ஆறு நிமிடத்தில் முடியும் என்று காட்டத்தான்.

நான் எடுத்த முதல் வீடு 219. செண்பகவல்லி, வயது 34. புருஷன் பூலோகம் தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தான், பட்டறை இடம் மாறிப் போனதில் வேலை இல்லை, கிடைத்த நாளில் மூட்டை தூக்குகிறான். இரண்டு பெண்கள். இவளுக்கு டிபி, மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம். எடை 38.4.

பாத்திரங்கள் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தன. அடுப்பு மேடை பளபள. சுத்தமான வீடு என்று குறித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து பால் வாங்கி வரச் சொல்லி டீ போட்டாள். சர்க்கரை அதிகம்.

ஐந்தாம் கேள்விக்கு, இருந்தேன் சார், செவ்வாயும் வெள்ளியும் விரதம் என்றாள். வேறு? வியாழக்கிழமை பாபாவுக்கு. வேறு? பிறகு சஷ்டி வந்தால் சஷ்டி. பேராச்சி தொண்டையைக் கனைத்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு 7 போட்டேன்.

ஐந்து நிமிடம் ஐம்பது வினாடி.

வெளியே வந்து, பக்தி ஜாஸ்தியான ஏரியா போல என்றேன். பேராச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டும் ஒரே சிரிப்பு என்று நினைத்தேன்.

31 மார்ச், திங்கள்

இந்த மாதம் 58 வீடுகள் கரையேறின. 219-உம் ஒன்று. இரண்டு மாதமும் 7.

கரையேறிய வீடுகளுக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுக்கிறோம். வாசகம் என்னுடையது: 'உங்கள் இல்லம் பசியைக் கடந்துவிட்டது. வாழ்த்துகள்.' மஞ்சள் அட்டை, நல்ல கனமான காகிதம். செண்பகவல்லி இரண்டு கையாலும் வாங்கினாள். அப்படியென்றால் இனிப் பொட்டலம் வராதா என்று கேட்டாள். வராது, அது நல்ல செய்தி என்று விளக்கினேன். நல்லதுதான் சார் என்றாள்.

பூலோகம் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எங்க வம்சத்துலயே மொதல் பாஸ் நாங்கதான் சார். பிள்ளையள்ட்ட சொல்லணும்."

நகைச்சுவை உணர்ச்சி உள்ள ஆள்.

17 ஏப்ரல், வியாழன்

கட்டுரைச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. செப்டம்பரில் மாநாடு. முதல் பெயர் என்னுடையது.

31 மே, சனி

நான்கு மாதத்தில் கரையேறியவை 148. வீட்டுக்கு 226 பொட்டலம். 226! மற்ற இரண்டு நகரமும் முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. பத்மஜா மேடம் ஸ்வீட் வாங்கி வந்தார்.

9 ஜூன், திங்கள்

மழை. எடை எடுக்கும் மாதம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணுக்கு, கரையேறிய வீடுகளிலும்.

எண்கள் தப்பாக இருக்கின்றன. கரையேறிய 148-இல் 84 பேருக்கு எடை ஏறியிருக்கிறது, சராசரி 1.1 கிலோ. மீதி 64 பேருக்கு இறங்கியிருக்கிறது, 2.3 கிலோ. பசி இல்லாத வீட்டில் எடை எப்படி இறங்கும்? தராசு கெட்டுவிட்டது.

மதியம் தராசைச் சோதித்தேன். என் பொட்டலங்களையே ஏற்றினேன். ஐம்பது வைத்தால் 5.00. நூறு வைத்தால் 10.00. இருநூறு, 20.00. தராசில் கோளாறு இல்லை.

அப்படியென்றால் பேராச்சி தப்பாகப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். போய் நானே 219-ஐ நிறுத்தினேன்.

34.1.

இரண்டு தடவை நிறுத்தினேன். மூன்றாவது தடவை, போதும் சார், நிக்க முடியல என்றாள்.

அறுபத்து நாலும் குறியீடு 7 வீடுகள்.

10 ஜூன், செவ்வாய்

பேராச்சியிடம் கேட்டேன். இதென்ன, இந்த 64 வீட்டில் அப்படி என்ன விரதம்?

அவள் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சஷ்டி என்னைக்குன்னு செண்பகத்துட்ட கேளுங்க. தெரியாது. அரிசி தீந்த அன்னைக்குத்தான் அவளுக்கு சஷ்டி."

புரியலை என்றேன்.

வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் விரதம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததாம். பிள்ளைகள் அம்மா நீ சாப்பிடலையா என்று கேட்காது. புருஷனுக்குத் தலைகுனிவு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாலும் கௌரவமாக இருக்கும். சோறு இல்லை என்று வாயால் சொல்வது இங்கே கிடையாது, அதுவும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெளியாள் முன்னால். இதெல்லாம் அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள், பஸ் நம்பர் சொல்வது மாதிரி.

ஏன் எங்கிட்ட சொல்லலை என்று கத்தினேன். நாலு மாசம்! நாலு மாசமா கூடவே சுத்தறீங்க!

"சொல்லத்தான வந்தேன். கதை எழுதாத, நம்பர் போடுன்னீய. போட்டேன்."

எனக்கு எப்படித் தெரியும்? நானும் தமிழன்தானே. அதே வார்த்தைதானே. எங்காத்துலயும் விரதம்னுதானே சொல்றா.

14 ஜூன், சனி

நான்கு நாளாக 64 வீட்டுக்கும் நானே போனேன். 'பசியா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'சாப்பிட்டீர்களா' என்றால் ஆச்சு என்பார்கள். எனவே கேள்வியை மாற்றினேன்: "கடைசியாக விரதம் முடித்தபோது என்ன சாப்பிட்டீர்கள்?"

உண்மையான விரதத்துக்கு ஒரு முடிவு உண்டு. பாலோ பழமோ ஒரு பிடி சாதமோ. மூன்று வீடுகள் உடனே சொன்னார்கள். மீதி 61 வீடுகளில் முழித்தார்கள், அல்லது சிரித்தார்கள். செண்பகவல்லி மட்டும் பதில் சொன்னாள்.

"முடிக்கதுக்கும் ஒண்ணு வேணும்லா சார்."

இருமிக்கொண்டே சொன்னாள். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வருகிறது, அதனால் விரத நாளில் மாத்திரைக்கும் லீவு என்றாள். வாரத்தில் நாலு நாள் லீவு.

அன்றைக்கு எனக்குக் கொடுத்த டீ ஞாபகம் வந்தது. சர்க்கரை அதிகம் என்று எழுதி வைத்தவன் நான்தான்.

20 ஜூன், வெள்ளி

பத்மஜா மேடத்திடம் எல்லாவற்றையும் வைத்தேன். 61 வீட்டையும் திரும்பப் பட்டியலில் சேருங்கள் என்றேன். முடியாதாம். கரையேறிய வீட்டைத் திரும்பச் சேர்க்க விதியில் இடமில்லை. சேர்த்தால் எண்ணைத் திருத்த வேண்டும். 148 போய் 87. பொட்டலம் 226 போய் 384.

"384-ன்னு போச்சுன்னா சைட்டை மூடிடுவா நகுல். இப்போ சாப்பிடற 264 ஆத்துலயும் நின்னுடும். உன்னோட 61-ஐக் காப்பாத்தறேன்னு எல்லாரையும் பட்டினி போடப் போறியா?"

தன் மாநாட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார். பணம் தருபவர்கள் முட்டாள்கள் இல்லை. கருவியில் பிழை என்று சொன்னால் கருவியைத்தான் சரிசெய்வார்கள். உலகத்தில் எந்த என்ஜினியரும் அப்படித்தான் செய்வான்.

முதல் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று கடைசியில் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

செண்பகவல்லி நான்கு நாளாக ஆஸ்பத்திரியில். நேற்றுதான் தெரியும். ஆய்வகத்திலிருந்து நாற்பது பொட்டலம் எடுத்துப் போனேன். வார்டில் பூலோகம் வெந்நீர் பிடித்து வந்து, ஒரு தம்ளரில் அளவாகக் கலக்கினான். பழகிய கை. இரண்டு ஸ்பூன் உள்ளே போனது, மூன்றாவது வெளியே வந்துவிட்டது.

நல்லா கட்டியில்லாம கரையுது சார் என்றான் பூலோகம். என் தயாரிப்புக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு.

9 ஜூலை, புதன்

காலை 6.15-க்கு இறந்துவிட்டாள்.

10 ஜூலை, வியாழன்

நேற்று மதியம் தகனம். இன்று வீட்டுக்குப் போனேன். பெண்கள் இரண்டும் மூலையில். சுவரில் நாள்காட்டிக்குக் கீழே மஞ்சள் அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. 'உங்கள் இல்லம் பசியைக் கடந்துவிட்டது.' கிழிக்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு தூக்கில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பூலோகம் என்னைப் பார்த்து, நீங்க சாப்ட்டீயளா சார் என்றான்.

ஆச்சு என்றேன். பொய். நானும் அதையேதான் சொன்னேன்.

சாயங்காலம் டேப்பில் 219-ஐத் திறந்தேன், இறப்பைப் பதிவு செய்ய. திறக்கவில்லை. கரையேறிய வீட்டில் எடையைத் தவிர வேறு எதையும் ஏற்ற முடியாது. அந்தப் பூட்டைப் போட்டவன் நான். எனவே கணக்குப்படி செண்பகவல்லி 148 வெற்றிகளில் ஒருத்தி. செப்டம்பர் மாநாட்டிலும் அப்படித்தான் இருப்பாள்.

21 ஜூலை, திங்கள். காலை 9.05

பத்மஜா மேடத்தைத் தாண்டி நேராகப் பணம் தருபவர்களுக்கே அனுப்பிவிட்டேன். 87. 384. பிழை என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். 61 வீடுகளின் எடை, விரதம் என்ற சொல்லின் பொருள், திருத்திய கேள்வி, எல்லாம் பதினோரு பக்கம்.

ஆறு வாரத்தில் முதல் முறையாக நெஞ்சு லேசாக இருந்தது. இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

பதில் வந்தது. நாலு வரி. நேர்மைக்கு நன்றி. திருத்திய எண் 250-ஐத் தாண்டுவதால் இந்தத் தயாரிப்பு மும்பையில் பலன் தரவில்லை என்று கொள்ளப்படுகிறது. ஆகஸ்ட் 31-உடன் விநியோகம் நிறுத்தம். மீதிப் பொட்டலங்களை எண்ணித் திருப்பி அனுப்பவும்.

பசி தீர்ந்தது என்று சொன்னேன், பொட்டலத்தை நிறுத்தினார்கள். பசி தீரவில்லை என்று சொன்னேன், பொட்டலத்தை நிறுத்தினார்கள்.

பத்மஜா மேடம் திட்டவில்லை. திட்டவாவது செய்திருக்கலாம். அவர் மாநாட்டுக்குப் போகிறார், தோல்வியிலிருந்து கற்றவை என்று ஒரு அமர்வு இருக்கிறதாம். கட்டுரையில் என் பெயர் முதலில்தான் இருக்கிறது. எடுக்கச் சொன்னேன். அது நேர்மையில்லை என்றார்.

பேராச்சிக்கும் வேலை இந்த மாதத்தோடு சரி. அவளிடம் நானே போய்ச் சொன்னேன். உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றேன்.

"சொல்ல வேண்டியதுதான் தம்பி. அதுல எத்தன பேரு சாப்ட்டாவ?"

இத்தனை நாள் சார். இன்றுதான் தம்பி. மரியாதை ஏறினதா இறங்கினதா தெரியவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

264 வீடுகளுக்கும் அறிவிப்பு ஒட்டினோம். வாசகம் எழுதச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். வேறு யாரோ எழுதியதில் நாலு பிழை.

1 செப்டம்பர், திங்கள். காலை 11.20

தாராவி அறையைக் காலி செய்தோம். டேப் 6, தராசு 2, சார்ஜர் 5, ஒன்று காணவில்லை. பேராச்சி கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தாள். அவள் புருஷனுக்கு முதுகு சரியில்லை, இரண்டு வருடமாக வேலைக்குப் போவதில்லை. இவள் சம்பளத்தில்தான் நான்கு பேர். இது எனக்கு இன்றுதான் தெரியும். டேப்பைத் திரும்ப வாங்கும் படிவத்தில் குடும்ப விவரம் என்று ஒரு கட்டம் இருந்ததால்.

சந்து முனையில் வடாபாவ் பொரியும் வாசனை. அந்தக் கடைக்கு அவள் வாடிக்கை. இரண்டு வாங்கி ஒன்றை நீட்டினேன்.

"வேண்டாம் தம்பி. இன்னைக்கு விரதம்."

என்ன விரதம் என்று நான் கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் போன பிறகு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆறிப்போயின.

இனி:

1. செம்பூர் கிடங்கில் பொட்டலம் 1,178. திருப்பி அனுப்பச் சொன்ன கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம்.

2. நாளை காலை டெம்போ பிடிக்க வேண்டும். மேடத்திடம் சொல்ல வேண்டாம். கேட்டால் மறைக்க வேண்டாம்.

3. 61 வீடு, வீட்டுக்கு 19. முதலில் 219: பூலோகமும் இரண்டு பெண்களும். அட்டையைக் கிழிக்க அனுமதி கேட்க வேண்டும்.

4. யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. ஒன்றுகூட.

5. 61 × 19 = 1,159. மீதி 19. அது பேராச்சி அக்கா வீட்டுக்கு. விரதம் என்று சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு, வைத்துவிட்டு வர வேண்டும்.

6. 19 பொட்டலம் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம்கூடக் காணாது. அதன் பிறகு: குறியீடு 3. தெரியாது.